நீலக் காப்பு

ஜூலை 3, புதன்

முன்பக்கத்தில் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் இருக்கிறது. ஆகவே இந்த நோட்டை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். பின்பக்கம் பாதுகாப்பு. அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன். எழுதினால் மூளை சூடாகும், மூளை சூடானால் ரத்தம் கெடும் என்பது அம்மாவின் மருத்துவம். எனக்கு இருப்பது ரத்தப் புற்றுநோய். இனிமேல் கெடுவதற்கு என்ன மிச்சம் என்று கேட்கலாம். கேட்டால் அழுவாள்.

குழந்தைகள் வார்டு. சுவரில் சட்டை போட்ட யானைகள். கட்டில் ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்தது போலிருக்கிறது, என் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தலைமாட்டில் ‘செண்பகவல்லி, 15, பெண், கோவில்பட்டி’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மொட்டைத் தலையாக இருப்பதால் ‘பெண்’ என்பதை எழுதித்தான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. மருந்தில் கொட்டிய முடியை அம்மா திருச்செந்தூர் முருகன் கணக்கில் சேர்த்துவிட்டாள். முருகனுக்கும் செலவில்லை, எங்களுக்கும் பஸ் செலவில்லை.

இடது கையில், முழங்கைக்கு மேலே, ஒரு குழாய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. ரத்தக்குழாய் வழியாக நெஞ்சு வரைக்கும் போகிறதாம். அதற்கு ‘லைன்’ என்று பெயர். எல்லா மருந்தும் அதன் வழியாகத்தான். குழாய் நுழையும் இடத்தைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டர் மூடியிருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை ஜெபக்கனி சிஸ்டர் அதை மாற்றுவார். மற்ற நாளெல்லாம் அது அரிக்கும். சொறியக் கூடாது என்பது உத்தரவு. அம்மா பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கி உள்ளே ஊதுவாள். சத்துணவுக் கூடத்தில் ஈர விறகையே ஊதி எரிய வைத்த வாய். ஐஸ் வைத்தது போல் இருக்கும். இந்த ஆஸ்பத்திரியில் வலிக்காத சிகிச்சை அது ஒன்றுதான்.

ஜூலை 4, வியாழன்

இன்று பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். டாக்டர் குற்றாலிங்கம். இந்த வார்டின் தலைவர். அதைவிட முக்கியமாக, கைராசிக்காரர். அவர் கை பட்ட பிள்ளை பிழைத்துவிடும் என்று எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். பிழைக்காத பிள்ளைகளின் அம்மாக்கள் இங்கே இல்லாததால் மறுத்துப் பேச ஆளில்லை.

அவர் வரும்போது வார்டு தேர் வரும் தெரு மாதிரி ஆகிவிடும். முதல் கட்டிலில் இப்போதுதான் வாந்தி எடுத்த குழந்தையின் கன்னத்தைத் தட்டுவார். அதே கையால் அடுத்த குழந்தையின் தலையைத் தடவுவார். அடுத்ததன் நாக்கைப் பார்ப்பார். “என்ன ராஜா, எப்படி இருக்க?” “என்ன ராஜாத்தி?” இப்படியே வருவார். கடைசிக் கட்டில் என்னுடையது. ஆகவே எல்லாப் பிள்ளைகளின் ராசியும் மொத்தமாகச் சேர்ந்து எனக்குத்தான் கிடைக்கிறது.

ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் கை சுத்தம் செய்யும் மருந்து பாட்டிலில் தொங்குகிறது. தொங்கட்டும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கலாம்.

“அவர் ஏம்மா கை கழுவல?” என்று அவர் போன பிறகு கேட்டேன்.

“ஏட்டி, வாய மூடு. அவுக கையில என்ன அழுக்கு இருக்கப்போவுது? சும்மா சும்மா கழுவுனா ராசி போயிராதா?”

ஜூலை 6, சனி

ஷஹர்பான் அக்காவைப் பற்றி எழுத வேண்டும். இளம் டாக்டர், மேலப்பாளையம். மேல்படிப்புக்காக ஓர் ஆய்வு செய்கிறார். ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு நோயாளிகளுக்குத் தொற்றுகிற கிருமிகள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் ஆய்வு. லைன் நுழையும் இடத்தில் தோலை எந்த மருந்தால் துடைத்தால் நல்லது, யார் எப்போது கை கழுவுகிறார்கள் என்றெல்லாம் பார்க்கிறார்.

பார்க்கிறார் என்பதுதான் சிக்கல். அவர் தலை வாசலில் தெரிந்ததும் ஜெபக்கனி சிஸ்டர் சத்தமாக, “அந்த ஜன்னலச் சாத்துங்க!” என்பார். இது ஏசி வார்டு. ஜன்னல்கள் திறந்ததே இல்லை. உடனே எல்லோரும் கையைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். விரலிடுக்கு, கட்டை விரல், மணிக்கட்டு என்று ஆண்டு விழா நடனம் போல இருக்கும். அக்கா போனதும் ஜன்னல் மறுபடி திறந்துகொள்ளும்.

“நான் இருக்கப்போ இந்த வார்டு லண்டன் மாதிரி இருக்கு. நான் இல்லாதப்போ எப்படி இருக்கு செண்பகம்?” என்று இன்று கேட்டார்.

“வார்டு மாதிரி இருக்குக்கா” என்றேன்.

சிரித்துவிட்டு, எதையோ யோசித்தபடி போனார்.

ஜூலை 8, திங்கள்

யோசித்தது இதுதான். எல்லாப் பிள்ளைகளின் கையிலும் நீல நிறப் பட்டை ஒன்று கட்டினார். ‘கை கழுவினீர்களா?’ என்று அதில் அச்சடித்திருக்கிறது. யார் நம்மைத் தொட வந்தாலும் நாமோ அம்மாவோ இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று பெரிய டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்கிறாராம்.

அம்மாக்கள் பட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் அம்மா அதை இருக்கன்குடி மாரியம்மன் சிவப்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் தள்ளிவைத்து முடிச்சைச் சரிபார்த்தாள். ‘காப்புக் கட்டியாச்சு’ என்று வார்டு முழுக்கப் பேச்சு. மத்தியானம் எதிர்க் கட்டில் அத்தை கொடுத்த கருவாட்டை அம்மா தொடவில்லை.

“காப்புக் கட்டிருக்கும்போது கவுச்சி திங்கலாமா? நல்லாக் கேக்கிய.”

ஷஹர்பான் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். “அம்மா, இது சாமி காப்பு இல்ல. கேள்வி கேக்குறதுக்கு.”

“கேக்கோம்மா, கண்டிப்பாக் கேக்கோம்” என்றார்கள் எல்லோரும்.

மாலை வரை யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேன். தரை துடைக்க வந்த அக்காவிடம்.

“நான் தரையத்தான பாப்பா தொடுதேன்” என்றார் பாவம்.

வீரத்தை எங்கே காட்டுவது என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

இன்று பெரிய டாக்டரையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பயம் எல்லாம் கிடையாது. கோபம் வந்தால் அவர் என்ன செய்வார்? மருந்தை நிறுத்துவாரா? நிறுத்தினால் என்ன ஆகும்? அவ்வளவுதானே? காலையிலிருந்து இதைத்தான் மனதுக்குள் கணக்குப் பாடம் மாதிரி போட்டுக்கொண்டிருந்தேன்.

வந்தார். “என்ன ராஜாத்தி?” என்று கன்னத்தைத் தட்டினார். நான் வாயைத் திறந்தேன்.

“சார், கா… காப்பி சாப்பிட்டீங்களா சார்?”

“சாப்பிட்டேம்மா!” வார்டே சிரித்தது. அம்மாவுக்கு ஒரே பெருமை. எவ்வளவு மரியாதையாக வளர்த்திருக்கிறாள்.

ஜூலை 11, வியாழன்

வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்துவிட்டனவாம். மருந்து வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம் என்கிறார்கள். கெட்ட செய்தியை நல்ல செய்தியாகச் சொல்வதற்குத் தனியாகப் படித்திருப்பார்கள் போல. “இப்போ ஒரு சின்னக் கிருமி போதும். ரொம்பக் கவனம்” என்றார் ஷஹர்பான் அக்கா, அம்மாவைப் பார்த்து. அம்மா பயபக்தியோடு தலையாட்டினாள்.

பிளாஸ்டருக்குள் வியர்த்து ஒரேயடியாக அரித்தது. அம்மா ஊதினாள். போதவில்லை என்றேன். இன்னொரு ஓரத்தையும் தூக்கி ஊதினாள். “போச்சா? எம் புள்ளைக்கு எல்லாம் போச்சு, பறந்து போச்சு” என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னாள். எனக்குப் பதினைந்து வயது. ஆனால் நன்றாக இருந்தது.

ஜூலை 13, சனி

குளிருகிறது.

ஜூலை 18, வியாழன்

ஐசியூவிலிருந்து இன்று வார்டுக்குத் திரும்பினேன். யானைகள் அப்படியே சட்டையோடு இருக்கின்றன.

அன்று நடந்தது இது. சிஸ்டர் லைனில் மருந்து ஏற்றினார். ஏற்றியதும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கட்டில் ஆடியது. பற்கள் தானாக அடித்துக்கொண்டன. அம்மா என்மேல் படுத்து அமுக்கிப் பிடித்தாள். பிளாஸ்டரைப் பிரித்தபோது உள்ளே சிவந்து வீங்கிச் சீழ் வைத்திருந்தது. கிருமி லைன் வழியாக ரத்தத்துக்குள் போய்விட்டது. லைனை உருவி எடுத்துவிட்டார்கள். அப்புறம் நான் நிறையத் தூங்கினேன். நடுவில் ஒருமுறை விழித்தபோது, மஸ்கட்டில் லாரி ஓட்டும் அப்பா வீடியோவில் இருந்தார். திரை ஆடிக்கொண்டே இருந்தது. அங்கே சிக்னல் சரியில்லை என்றார். சிக்னல் எதற்கு மூக்கை உறிஞ்ச வேண்டும் என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

குற்றவாளி யார் என்று எனக்குத் தெரியும். எல்லாக் கட்டிலையும் தொட்டுவிட்டு என்னிடம் வருகிற கை. ராசியான கை. ஷஹர்பான் அக்கா வரட்டும், எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். ஜன்னல் விஷயம் உட்பட.

ஜூலை 19, வெள்ளி

ஷஹர்பான் அக்கா வந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. தூங்கியிருக்க மாட்டார் போல. அம்மா எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

நான் ஆரம்பித்தேன். பெரிய டாக்டர், கன்னம், நாக்கு, ஜன்னல், எல்லாம். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

“நீ சொல்றதெல்லாம் நெசந்தான். அதை நான் எழுதத்தான் போறேன். ஆனா உனக்கு வந்த கிருமி அது இல்லம்மா. பரிசோதனை முடிவு வந்துட்டு. சீழ்லயும் ரத்தத்துலயும் ஒரே கிருமி. அது கையில இருக்குற வகை இல்ல. மனுசங்க வாயில, தொண்டையில இருக்குறது. அங்க இருந்தா ஒண்ணும் பண்ணாது. உன்ன மாதிரி வெள்ளை அணு இல்லாத உடம்புல, குழாய்க்குப் பக்கத்துல போச்சுன்னாதான்…” நிறுத்திவிட்டார். “யாராவது பிளாஸ்டரைத் தூக்குனாங்களா? அதுக்கு மேல இருமுனாங்களா, ஊதுனாங்களா?”

கஞ்சி ஆற்றும் சத்தம் நின்றுவிட்டது.

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது. கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கிறது.

“நான்தான்க்கா” என்றேன். “அரிச்சிச்சு. ஓரத்தத் தூக்கி நானே ஊதினேன். இப்படி.” கையை மடக்கிச் செய்தும் காட்டினேன். வாய்க்கு நன்றாகவே எட்டுகிறது.

அக்கா என்னைப் பார்த்தார். என் நகங்களைப் பார்த்தார். அவை ஒட்ட வெட்டியிருந்தன. அம்மாதான் வெட்டிவிடுவாள். பிறகு “சரி” என்று எழுதிக்கொண்டார்.

என்மேல் தப்பு என்றால் யாரும் திட்ட மாட்டார்கள். சீக்குப் பிள்ளை. இந்த நோயில் கிடைத்த ஒரே சலுகையை இன்று பயன்படுத்திக்கொண்டேன்.

ஜூலை 20, சனி

அம்மா இன்று என்னிடம் பேசியது ஒரே ஒரு சொல். “சாப்பிடு.” அதையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். தட்டை நீட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள். குழாயடியில் போய்க் கொப்பளிக்கிறாள். வருகிறாள். மறுபடி போகிறாள். உப்பு கேட்டு வார்டு முழுக்க அலைந்தாளாம். இப்போது தரையில் பாய் விரித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறாள். மூச்சுக்கூட என் பக்கம் வரக் கூடாதாம்.

பொய் சொன்னது அவளைக் காப்பாற்றத்தான். ரொம்ப நன்றாகக் காப்பாற்றியிருக்கிறேன்.

ஒன்று எழுதிவிடுகிறேன். ஊது ஊது என்று கேட்டது நான். ‘ஒரு சின்னக் கிருமி போதும்’ என்று அக்கா சொன்ன அன்றைக்கே கேட்டேன். பாடத்தில் படித்திருக்கிறேன், வாயில் கிருமி இருக்கும் என்று. மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். ஆனால் அது மற்றவர்கள் வாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 22, திங்கள்

நாளை மறுநாள் வலது கையில் புது லைன் போடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மீதி மருந்தை ஏற்ற முடியாது. இதுவும் கெட்டால் அடுத்தது என்ன என்று ஜெபக்கனி சிஸ்டரிடம் கேட்டேன். “அப்படியெல்லாம் பேசப்படாது” என்றார். மிகத் தெளிவான பதில்.

ஷஹர்பான் அக்கா வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

“ஏம்மா செண்பகம், எனக்கு ஒரு சிக்கல். உங்க அம்மா நேத்து என் ரூமுக்கு வந்தாங்க. வாசல்லயே நின்னுக்கிட்டு, ‘நான்தாம்மா ஊதுனேன், எம் புள்ள பொய் சொல்லுதா, என்னய போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருங்க, ஆனா மருந்த நிறுத்திராதீங்க’ன்னு ஒரே அழுகை. நீ என்னடான்னா நான்தான் நான்தாங்குற. ஒரு தப்புக்கு ரெண்டு பேரும் போட்டி போட்டா நான் எதைம்மா எழுத?”

நான் சுவரில் இருந்த யானைகளை எண்ணினேன்.

“இத்தனை மாசமா டாக்டர், நர்ஸ், எல்லார்ட்டயும் கேட்டுட்டேன். இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தர்கூட ‘நான்தான் கழுவல’ன்னு சொன்னதில்ல. ஒத்துக்கிட்டது நீங்க ரெண்டு பேருந்தான். அதுல ஒண்ணு பொய்.”

“அம்மாகிட்ட நீங்க என்னக்கா சொன்னீங்க?”

“போலீஸ் வராதுன்னு சொன்னேன். ஊதுறது குத்தம் இல்ல, எங்க யாருக்கும் அதச் சொல்லித் தரத் தோணலங்கறதுதான் குத்தம்னு சொன்னேன். கை, கைன்னே அலைஞ்சோம். அதுக்கு அவங்க ஒண்ணு கேட்டாங்க.”

“என்ன?”

“‘பெத்தவ வாயிலயே கிருமி இருக்குன்னா, டாக்டரய்யா கையில மட்டும் இருக்காதாம்மா?’ன்னு.”

ஜூலை 25, வியாழன்

நேற்றுப் புது லைன் போட்டார்கள். வலது கை மரத்துப் போயிருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறியது போல் இருக்கிறது. ஆனால் இன்று நடந்ததை இன்றே எழுதியாக வேண்டும்.

காலையில் பெரிய டாக்டர் வந்தார். கன்னம், தலை, நாக்கு, எல்லாம் முடித்துக் கடைசியாக என்னிடம். “என்ன ராஜாத்தி, புதுக் குழாய் எப்படி இருக்கு? பாப்போம்” என்று பிளாஸ்டரைத் தொடக் கையை நீட்டினார். நான் நீலப் பட்டையைப் பார்த்தேன். கேட்க வேண்டும். இந்த முறை காப்பிகூட வரவில்லை.

“ஐயா.”

அம்மாவின் குரல். முகக்கவசம் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். இரண்டு கையையும் கூப்பியிருந்தாள்.

“ஐயா, கோவிச்சுக்கிடாதீய. கை… கை கழுவிட்டியளா?”

வாசலில் அப்போதுதான் ஷஹர்பான் அக்கா வந்து நின்றார். ஜன்னலைச் சாத்தச் சொல்ல ஜெபக்கனி சிஸ்டருக்குத் தோன்றவில்லை. அழுதுகொண்டிருந்த குழந்தைகூட நிறுத்திவிட்டுப் பார்த்தது. இனி மருந்தை நிறுத்திவிடுவார், எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார், அம்மா நேராக அவர் காலில் விழுவாள் என்று நான் வரிசையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒன்று தன்னிடம் இருப்பது இப்போதுதான் தெரிந்தது போல.

“இல்லம்மா” என்றார்.

கட்டிலின் கால்மாட்டில் இருந்த பாட்டிலை அமுக்கினார். வரவில்லை. மறுபடி அமுக்கினார். பயன்படுத்தாமல் தொங்கியே வாய் அடைத்துப் போயிருந்தது. ஷஹர்பான் அக்கா கூரையைப் பார்த்தார். பெரிய டாக்டர் குழாயடி வரை நடந்து போய், சோப்புப் போட்டு, விரலிடுக்கு, கட்டை விரல், மணிக்கட்டு என்று முழு நடனமும் ஆடிவிட்டு வந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, “நீங்க கழுவியாச்சா?” என்றார்.

அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை நகம் காட்டுவது போல் இரண்டு கையையும் நீட்டினாள்.

அவர் போனதும் எதிர்க் கட்டில் அத்தை அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். “ஏ முப்பிடாதி! உனக்கு ராசி வேண்டாம்னா எங்களுக்குமா வேண்டாம்? இப்படிக் கழுவி விட்டுட்டியே!”

“கழுவுனா போற ராசி என்ன ராசிக்கா?” என்றாள் அம்மா. அத்தை கருவாட்டை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 31, புதன்

பெரிய டாக்டர் இப்போது கட்டிலுக்குக் கட்டில் கையைத் தேய்த்துக்கொண்டே வருகிறார். ஷஹர்பான் அக்கா இருக்கும்போதும் இல்லாதபோதுமா என்றால், இல்லாதபோது முக்கால்வாசி. மீதிக்கு ஜன்னல் இருக்கிறது. நாடு ஒரே வாரத்தில் திருந்தாது.

பிளாஸ்டர் மாற்றும் நாள். சிஸ்டர் பழையதை உரித்தார். தோலும் கூடவே வருவது போல் இருந்தது. உள்ளே சிவப்பு இல்லை, சீழ் இல்லை. இருக்குமோ என்று நான் ஒன்றும் பயப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தது வெளிச்சம் கூசியதால். ஆய்வுக்கான மருந்தால் சிஸ்டர் துடைத்தபோது நெருப்பு வைத்தது போல் எரிந்தது. நான் “ஆ” என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை.

அம்மா கட்டிலிலிருந்து தள்ளி, வாசல் பக்கத்தில் நின்றிருந்தாள். முகக்கவசம், கழுவிய கைகள், முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். அங்கிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தன்னை அறியாமல், ஊதினாள்.

முகக்கவசம் உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது.

அதற்குள்ளிருந்து ஒன்றும் வெளியே வந்திருக்காது. ஷஹர்பான் அக்காவிடம் கேட்டால் அப்படித்தான் சொல்வார். எனக்கு எரிச்சல் நின்றுவிட்டது என்று அவரிடம் சொல்லப் போவதில்லை. பாவம், இதையும் எங்கே எழுதுவது என்று குழம்புவார்.